தீராத வயிற்றுவலி

பாலக்கோடு ஸ்டேஷனில்
பத்தொன்பது வருஷமாக எழுதுகிற கை இது.
அறுபதைத் தாண்டியவர் யார் தானாகப் போனாலும்
காரணம் என்ற கட்டத்தில்
தீராத வயிற்றுவலி என்று எழுதிவிடும்.
மகனுக்கும் நல்லது, மருமகளுக்கும் நல்லது,
எனக்கும் சாப்பாட்டுக்கு முன் பக்கம் முடியும்.
ஒரு தாலுகாவில் இத்தனை வயிறுகளா என்று
மேலேயிருந்து யாரும் கேட்டதில்லை.

தர்மபுரி புத்தகத் திருவிழாவுக்கு
பந்தோபஸ்து போன அன்று
பாதி விலைக்கு ஒரு கொரியக் கதைத் தொகுப்பு வாங்கினேன்.
பேர்கள் வாயில் நிற்கவில்லை.
மாடிக் கிழவர், மீன்காரக் கிழவி என்று
நானே பேர் வைத்துப் படித்தேன்,
நைட் டூட்டியில், வயர்லெஸ் இரைச்சலுக்கு நடுவே.

அங்கே ஒருவருக்கும் வயிற்றுவலி இல்லை.
பெரிய சாமானைக் குப்பையில் போட
அந்த ஊரில் காசு கட்டி ஸ்டிக்கர் வாங்கவேண்டுமாம்.
மாடிக் கிழவர்
அலமாரிக்கு ஒன்று, கட்டிலுக்கு ஒன்று,
தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் ஒன்று
ஒட்டி வைக்கிறார்.
மீன்காரக் கிழவி
இரவல் சட்டியைத் தேய்த்துக் கழுவி,
வெறுஞ்சட்டி கொடுக்கலாகாதென்று
எள் நிரப்பித் திருப்பித் தருகிறாள்.
அதற்கு அடுத்த பத்தியில் பனி பெய்கிறது.

பனி பெய்தாலே எனக்குக் கோபம் வரும்.
யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்பதை
இவ்வளவு அழகாக எழுதினால்
படிக்கிற கிழவர் எவராவது
தலையாட்டிவிட மாட்டாரா?
மறுநாள் காலை கதவைத் தட்டுகிறவள்
ஏன் ஒரு கதையிலும் இல்லை?
புத்தகத்தை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.
இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தேன்.

தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்த வாரம்
வெள்ளிச்சந்தைப் பக்கமிருந்து மாதப்பன் வந்தார்.
பங்காளி கெம்பண்ணனோடு
பதினோரு வருஷ வரப்புத் தகராறு.
"வாபஸ் வாங்கிக்கறேங்கம்மா."
சமாதானமா?
"அதெல்லாம் இல்லீங்க. பின்னால யாருக்கும் இழுவை வேணாம்னுதான்."
நாயை டீக்கடையில் விட்டுவிட்டாராம்.
பழைய பாக்கியும் அடைத்தாயிற்றாம்.
சட்டைப்பையிலிருந்து ஒரு நீலப் பேனாவை எடுத்து
மேஜைமேல் வைத்தார்.
போன வருஷம் கையெழுத்துப் போட என்னிடம் வாங்கியது.
மூடியில்லாமல் போன பேனா.
எங்கேயோ தேடி ஒரு மூடி போட்டிருந்தார்,
பச்சை நிறத்தில்.

எனக்கு எள் வாசனை வந்தது.

"சாகலாம்னு இருக்கீங்களா?"
வாய்விட்டுக் கேட்டேன். ரைட்டர் கேட்கிற கேள்வியல்ல அது.
மின்விசிறியைப் பார்த்தார்.
"யார் சொன்னது?"
ஒரு கொரியாக்காரி என்றா சொல்வது?
வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"கொஞ்ச நாளாவே வயித்துவலிங்கம்மா."

பத்தொன்பது வருஷத்தில்
உயிரோடிருக்கும் வாயிலிருந்து
அதைக் கேட்டது அன்றுதான்.
எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.
இரண்டு மணி நேரம் சொன்னார்.
ஓசூர் மகன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது,
விற்றுப்போன போர் மோட்டார்,
ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால்
விடியும்வரை என்ன செய்வது என்பது.
ஜீப்பில் ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போனேன்.
டாக்டர் வயிற்றைத் தொடவேயில்லை,
தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

வாபஸ் மனுவை மட்டும் வாங்கவில்லை.
கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை,
நாளைக்கு வாங்க என்றேன்.
அரசாங்கத்தின் ஆகப் பழைய பொய்.
நாளைக்கு வந்தார்.
இன்ஸ்பெக்டர் இல்லை, நாளைக்கு வாங்க.
கெம்பண்ணனுக்கும் ஆள் அனுப்பினேன்.
ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்து
வரப்புக்காக அவர்கள் சத்தம் போட்டபோது
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்,
நன்றாகக் கேட்கட்டும் என்று.

இருபத்தாறு நாள் ஆயிற்று.
பத்து மணிக்கு வந்துவிடுகிறவர்.
இப்போது பதினொன்றே கால்.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது.
பஸ் தாமதமாக இருக்கலாம்,
ஜி.எச். வரிசையில் நிற்கலாம்.
ஓசூர் நம்பரைப் போட்டுப் பார்த்தேன், பிஸி.
எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை அப்படியே விட்டு
வண்டிச் சாவியை எடுக்கிறேன்.